யார் வீட்டுப் பிள்ளை இது?



ஜகாத் கணக்கு, கல்வி உதவி மனு, மய்யித்து வண்டிச் செலவு என்று எழுதிப் பழகிய கை இது. இந்த மாதப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பதோ சின்னப் பிள்ளைகளின் சேட்டையை. காரணம் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு என் மகளின் பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தார்கள். பேத்திக்கு 5 வயது, பேரனுக்கு 3 வயது. மதரஸாவிலும் கல்லூரியிலும் நான் படிக்காமல் விட்ட பாடத்தை அந்த ஒரு மாதத்தில் படித்தேன்.

வீட்டு நிலவரம்

ஒரு நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து குர்ஆன் ஓத உட்கார்ந்தால் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிய பிறகு அரிசிப் பானைக்குள் கிடைத்தது. கொல்லைப் பக்கம் போனால், என் வெள்ளைத் தொப்பியில் மண்ணையும் கறிவேப்பிலையையும் போட்டுப் பேரன் ஆணம் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். "நன்னா, உப்பு பாருங்க" என்று ஒரு கரண்டி நீட்டினான். அன்று மாலையே பேத்தி நமது டிரஸ்டின் ரசீதுப் புத்தகத்தில் 7 ரசீதுகளைக் கிழித்துத் தன் பொம்மைகளிடம் நன்கொடை வசூலித்துவிட்டாள். வரிசை எண் போட்ட ரசீது. ஒன்று குறைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். ஏழையும் பொறுக்கி, அடிக்கட்டையோடு ஒட்டி, 'ரத்து' என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் 'பேத்தி' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆடிட்டர் கேட்டால் அவளையே கூப்பிட்டு விடலாம்.

"பிள்ளைகளா இதுங்க!" என்று நான் அலுத்துக்கொண்டபோது என் மனைவி கேட்டார்: "ஒரு நாளைக்கே இப்படியா? நாலு பிள்ளைய நான் வளத்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. வேலை, மீட்டிங், வசூல் என்று எங்கெங்கோ இருந்தேன்.

பள்ளிவாசலில் நடந்தது

பேரனை ஒரு நாள் இஷாவுக்கு அழைத்துப் போனேன். இமாம் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் எல்லோரும் ஆமீன் சொன்னோம். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போய், அடுத்த சூரா ஓதும்போதும் நாலைந்து ஆமீன் சொன்னான். ஸஜ்தாவுக்குப் போனதும் அவனும் குனிந்து என் முகத்தருகே வந்து, "நன்னா, என்ன தேடுறீங்க?" என்று கேட்டான். பக்கத்து ஸஃப்பில் யாருக்கோ தோள் குலுங்கியது எனக்கே தெரிந்தது.

ஸலாம் கொடுத்ததும் முன் ஸஃப்பிலிருந்து ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "யார் வீட்டுப் பிள்ளை இது?" என்று கேட்டார். என் கை தானாகவே பேரனின் காதை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. இதே கேள்வியை, இதே இடத்தில், 25 வருடங்களுக்கு முன்பும் கேட்டிருக்கிறேன்.

நான் செய்த தவறு

அப்போது என் மகனுக்கு 5 வயது. ரமலான் மாதம், தராவீஹ் தொழுகை. நான் தக்பீர் கட்டிய பிறகு அவன் மெல்ல நழுவிப் போய் ஸ்விட்ச் போர்டைக் கண்டுபிடித்துவிட்டான். நாங்கள் ருகூவில் இருக்கும்போது விளக்கும் ஃபேனும் நின்றன. பிறகு வந்தன. பிறகு மறுபடி நின்றன. தொழுகை முடிந்ததும் அந்தக் கேள்வி வந்தது. நூறு பேர் முன்னால் அவனை வெளியே இழுத்துப் போய், ஹவுழ் பக்கத்தில் நிறுத்தி, கன்னத்தில் அறைந்தேன். அவன் அழவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாளிலிருந்து இஷா பாங்கு கேட்டால் அவனுக்கு வயிறு வலித்தது. அந்த ரமலான் முழுக்க வலித்தது. பிள்ளை ஒழுங்கு கற்றுக்கொண்டான் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

இப்போது அவனுக்கும் ஒரு மகன் இருக்கிறான். சென்ற பெருநாளுக்கு ஊர் வந்திருந்தபோது, "தம்பியையும் பள்ளிக்குக் கூட்டிட்டு வாப்பா" என்றேன். "வேணாம்த்தா, யாராவது ஏதாவது சொல்லுவாங்க" என்றான். அந்த யாராவது நான்தான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதற்கு மேல் பேசவில்லை.

நபியவர்களின் பள்ளிவாசலில்

நபி (ஸல்) அவர்கள் பின்னால் தொழுதவர்கள் இந்த உம்மத்திலேயே மிகச் சிறந்தவர்கள். அந்தப் பள்ளிவாசலிலும் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகளாகவே இருந்தார்கள்.

ஷத்தாத் இப்னுல் ஹாத் (ரலி) அறிவிக்கும் செய்தி நஸாயீயில் இடம்பெற்றுள்ளது. ஓர் இரவுத் தொழுகையில் நபியவர்களின் ஸஜ்தா வழக்கத்தைவிட மிக நீண்டது. என்ன ஆயிற்றோ என்று அந்த ஸஹாபி தலையைத் தூக்கிப் பார்த்தால், பேரப்பிள்ளை முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். தொழுகை முடிந்து மக்கள் கேட்டபோது, தம் பிள்ளை முதுகில் ஏறியிருந்தார், அவர் ஆசை தீருமுன் அவசரப்படுத்த விரும்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். பெரியவர்கள் அத்தனை பேரும் ஸஜ்தாவில் காத்திருக்க, ஒரு சிறு பிள்ளையின் விளையாட்டு முடியட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே நபியவர்கள் தொழுததை அபூகதாதா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஜ்தா செய்யும்போது இறக்கி வைப்பார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நீண்ட நேரம் தொழ நினைத்து நின்று, குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டதும், தாய்க்குச் சிரமமாகுமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டதும் அவ்விரு நூல்களிலும் உள்ளது. அந்த அழுகைக்காக அவர்கள் தாயைக் கண்டிக்கவில்லை; ஓதுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

உம்மு கைஸ் (ரலி) தம் கைக்குழந்தையைக் கொண்டுவந்தபோது, மடியில் வைத்த குழந்தை நபியவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. தண்ணீர் வரவழைத்து ஆடையில் தெளித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். நம் வீட்டில் இது நடந்தால் முதலில் யாருடைய குரல் உயரும் என்று அவரவர் யோசித்துப் பார்க்கலாம்.

கோபம் எங்கிருந்து வருகிறது?

என் மகன் விளக்கை அணைத்தது பிள்ளைத்தனம். ஸ்விட்சைத் தட்டினால் நூறு பேர் இருட்டில் நிற்கிறார்கள் என்பது 5 வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! இதே காரியத்தை வீட்டில் செய்திருந்தால் நான் சிரித்திருப்பேன். பள்ளியில் அடித்ததற்குக் காரணம் அவன் செய்த செயல் அல்ல; நாலு பேர் என்னைப் பார்த்தார்கள் என்பதுதான். என் மானத்துக்காக அவனை அடித்தேன். மார்க்கத்துக்காக அடித்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

இது பள்ளிவாசலோடு நிற்பதில்லை. கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டைக் கவிழ்த்த பிள்ளை, விருந்தாளி முன்னால் உருண்டு அழும் பிள்ளை, கடையில் பொம்மை கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை என எல்லா இடத்திலும் கை ஓங்குமுன் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: யாரும் பார்க்காத இடமாக இருந்தால் இதற்கு அடிப்பேனா?

இன்னொன்று, தூக்கம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு 10 மணிக்கு தராவீஹில் அழும் பிள்ளைக்கு அடக்கமின்மை என்று பெயர் வைக்கிறோம். பல நேரங்களில் அதற்குத் தூக்கம் என்றுதான் பெயர்.

வீட்டுக்கான சில பாடங்கள்

ஒன்று: சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். உமர் இப்னு அபீஸலமா (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய கை தட்டு முழுக்கச் சுற்றிவந்தது. பிஸ்மில்லாஹ் சொல், வலது கையால் சாப்பிடு, உனக்குப் பக்கத்தில் உள்ளதை எடு என்ற மூன்றை மட்டும் நபியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகு தாம் அப்படியே சாப்பிட்டு வந்ததாக அவர் சொல்கிறார். நாமோ சோற்றுத் தட்டின் முன்னால் அரை மணி நேரம் பயான் செய்கிறோம்.

இரண்டு: பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். ஒரு தாய் தம் பிள்ளையை, வா, ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டபோது, என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது. தடுப்பூசி போடுவதற்காக, "மாமு வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லி என் பேரனை ஆட்டோவில் ஏற்றினோம். அதிலிருந்து மாமு பெயரைக் கேட்டாலே அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். மாமு பாவம், ஊசியைத் தொட்டதே இல்லை.

மூன்று: மறதியைக் குற்றமாக்காதீர்கள். அனஸ் (ரலி) சிறுவராக ஒரு வேலைக்கு அனுப்பப்பட்டு, வழியில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை அவரைப் பிடித்தது. திரும்பினால் நபியவர்கள் சிரித்துக்கொண்டே, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று விசாரித்தார்கள். இதோ போகிறேன் என்றார். முஸ்லிமில் உள்ள செய்தி இது.

நான்கு: தாயைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும்போது நபியவர்கள் குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் சோறு ஊட்டல், ஹோம்வொர்க், சண்டை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அந்த நேரத்தில் ஒரு பிள்ளையை அத்தா தூக்கிக்கொண்டாலே வீட்டில் பாதிச் சத்தம் குறையும்.

பள்ளிவாசலில் என்ன செய்யலாம்?

பிள்ளைகள் எப்படியும் ஓடட்டும் என்று நான் சொல்லவில்லை. தொழுபவர்களின் ஓர்மையும் பெரிய விஷயம். தொழுகையை ஏவச் சொல்லப்பட்ட வயது ஏழு. அதற்குக் கீழுள்ள பிள்ளைக்கு அது பழக்கம் மட்டுமே. ஆகவே சின்னப் பிள்ளையோடு வருபவர்கள் கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நிற்கட்டும். பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். வருமுன் சாப்பாடும் சிறுநீர் கழிப்பதும் முடிந்திருக்கட்டும். எட்டு ரக்அத்தில் பிள்ளை களைத்தால் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம். மீதியை வீட்டில் தொழுதுகொள்ளலாம்.

பெரியவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தகப்பனிடம், தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். பிள்ளையிடம் பெயரை மட்டும் கேளுங்கள்.

அன்று அந்தப் பெரியவருக்கு நான், "எங்க வீட்டுப் பிள்ளைதாங்க, மக பிள்ளை" என்று பதில் சொன்னேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஆமீன் மட்டும் நல்லா சொல்றான்" என்றார். வெளியே வந்ததும் மகனுக்கு போன் செய்தேன். 25 வருடம் தாமதமாக, அந்த அறைக்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பையனுக்கு ஸ்விட்ச் எட்டாதுத்தா, அடுத்த தடவை கூட்டிட்டு வரேன்" என்றான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக்குவாயாக! அவர்களின் குறும்பைப் பொறுக்கும் நெஞ்சை எங்களுக்குத் தருவாயாக! உன் இல்லத்தின் வாசலில் எந்தப் பிள்ளையும் எங்களால் மனம் உடைந்து திரும்பாமல் காப்பாயாக! ஆமீன்.