ரத்தப் பரிசோதனை சரி, கண் பரிசோதனை?



நம் குழு அக்கா ஒருவர் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் நிலைப்படியில் இடித்துக்கொள்வார். "பக்கத்துல வர்ற ஆளே தெரிய மாட்டேங்குது. ஆனா ரத்தமெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பார். நாமும் சரிதான் என்று விட்டுவிட்டோம். கண் மருத்துவரிடம் போனபோதுதான் கிளாக்கோமா என்று தெரிந்தது. ஒரு கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. போன பார்வை திரும்பாது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

கிளாக்கோமா என்றால் என்ன?

நம் கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அது பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். முதலில் ஓரப் பார்வை குறையும். பெரும்பாலும் வலியே இருக்காது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகக் கிராமங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 2 முதல் 3 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது.

ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. கண் அழுத்தம், பார்வை நரம்பு, ஓரப் பார்வை மூன்றையும் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். அது சரியாக இருந்தும் சிலருக்கு இந்நோய் வரும். ரத்தக் கொதிப்பு வேறு, கண் அழுத்தம் வேறு.

ஆராய்ச்சி நடக்கிறது. நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் பி3 வகையான நிக்கோட்டினமைடு குறைவாக இருந்ததாக 2019இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்காக நாமே மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடலாம்.

பிறகு ரத்தம் ஏன் எடுக்கிறார்கள்?

1. சர்க்கரை: கட்டுப்பாடு இல்லாத சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டு, கடுமையான ஒருவகை கிளாக்கோமா வரலாம். அதனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்ப்பார்கள்.

2. கிரியாட்டினின், பொட்டாசியம்: அழுத்தத்தைக் குறைக்க அசிட்டசோலமைடு மாத்திரை தருவதுண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. பொட்டாசியமும் குறையலாம். விரல் மதமதப்பு, அதிகச் சோர்வு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

• 40 வயதானால் கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்வோம். அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களுக்கு இருந்தால் கட்டாயம் பார்ப்போம்.
• கண் சிவந்தால் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்க வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தாலும் கிளாக்கோமா வரும்.
• ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிடுவோம். சில சொட்டு மருந்துகள் மூச்சுத்திணறல் தரும்.
• 'நல்லாத்தானே தெரியுது' என்று சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம். இருக்கிற பார்வையைக் காப்பதே அந்த மருந்துதான்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் 40 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? கண் அழுத்தம் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இரண்டையும் தீர்மான நோட்டில் எழுதுவோம். விட்டுப்போனவர்களை அடுத்த கண் முகாமுக்கு நாமே கூட்டிப்போவோம்.