பால்மரமும் மின்கலமும்

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை நட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் விடியுமுன் மரம் சீவிச் சேர்த்த பாலில் இருப்பது இயற்கையே உருவாக்கிய பல்லுறுப்பி. ஐசோப்ரீன் என்னும் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்திருப்பதே ரப்பர்.

ரப்பரில் மின்சாரம் பாயாது. மின்பணியாளர் ரப்பர்க் கையுறை அணிவது அதனால்தான். ரப்பர்த் தோட்டங்களுக்கு முன்பே, 1850களில், நம் காட்டுத் தாபான் மரப்பால் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது. ஆனால், மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தனர். பல காடுகளில் அம்மரம் அருகியது. பால்மரத்திற்கு அந்தக் கதி இல்லை. பட்டையைச் சீவினாலே போதும்.

மின்சாரத்தைத் தடுக்கும் இதே ரப்பரை மின்கலத்திற்குள் வைக்க முடியுமா? மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரப்பரின் வேதியமைப்பை மாற்றி, லித்தியம் உப்பைக் கலந்து, மெல்லிய படலமாக்கினர். அதனூடே லித்தியம் அயனிகள் நகர்கின்றன. எளிதில் தீப்பற்றும் மின்கலத் திரவத்திற்கு இது மாற்றாகலாம். எனினும், அறை வெப்பநிலையில் அயனிகள் மெதுவாகவே நகர்கின்றன, சிக்கல் அங்கேதான்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குச் செல்லும் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லுகள் உருவாகின்றன. சில்லைப் பொதிந்திருக்கும் கறுப்பு நெகிழி இன்றும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது.