கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கப் போகிறீர்களா? பயனுள்ள 22 குறிப்புகள்

ராமேஸ்வரம், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி, மணப்பாடு என்று எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும் பிள்ளைகள் கை நிறையக் கிளிஞ்சலோடுதான் வண்டி ஏறுவார்கள். ஊர் வந்து சேர்வதற்குள் பாதி நொறுங்கிவிடும். மீதி நாற்றம் பிடித்துக் குப்பைக்குப் போய்விடும். கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு போனால், பத்தே பத்து எடுத்து வந்தாலும் பல வருடம் வைத்துப் பார்த்து மகிழலாம். கடலுக்கும் கேடு வராது. குறைவாக எடுப்பது, உயிரில்லாததை மட்டும் எடுப்பது, எடுத்ததை ஒழுங்காகப் பேணுவது ஆகிய மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மற்ற குறிப்புகளைப் படியுங்கள்.

கிளம்பும் முன்

1. பயணத் தேதியை முடிவு செய்யும்போது வீட்டு நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி எப்போது வருகிறது என்று பாருங்கள். அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். குஜராத் கரையைப் போல நம் கரையில் நீர் வெகுதூரம் பின்வாங்காது. ஆனாலும் கூடுதலாக வெளிப்படும் அந்தச் சில அடி ஈர மணலிலும் நல்லவை கிடக்கும்.

2. நம் கரையில் பொதுவாக ஒரு நாளில் இரண்டு முறை கடல் வற்றும். இந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். முதல் நாள் காலை ஆறு மணிக்கு நீர் வற்றியிருந்தால் மறுநாள் ஏழு மணிக்குச் சற்று முன்பு போனால் போதும். சந்தேகமாக இருந்தால் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவரிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

3. காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ராமேஸ்வரம் தீவில் இரண்டு பக்கமும் கடல். வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரை பாக் நீரிணைப் பக்கம் அலை ஓங்கும். கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். அலை அடித்துக்கொண்டிருக்கும் பக்கம் போகாதீர்கள். காற்று அடங்கிய மறுநாள் காலை அதே கரைக்குப் போனால், ஆழத்திலிருந்து புரட்டிக் கொண்டுவந்து போட்டவை குவிந்து கிடக்கும்.

4. பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: மூடியுள்ள சின்னச் சின்ன மாத்திரை டப்பாக்கள், கொஞ்சம் பஞ்சு, ஒரு காடாத் துணிப் பை, அகலமான ஒரு பிளாஸ்டிக் டப்பா, பென்சில், துண்டுத் தாள்கள். ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.

கரையில் நடக்கும்போது

5. அலை வந்து காலைத் தொடும் இடத்திலேயே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே கிடப்பதில் பெரும்பாலானவை உருண்டு உருண்டு உடைந்தவை. சற்று மேலே, கடைசியாக ஏறிய அலை விட்டுப்போன கோடு தெரியும். காய்ந்த தாழை எனும் கடற்புல், பாசி, மரத்துண்டு எல்லாம் அந்தக் கோட்டில் ஒதுங்கியிருக்கும். அந்தக் குவியலை ஒரு குச்சியால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். மெல்லிய சிப்பிகள் உடையாமல் கிடைப்பது அங்கேதான்.

6. நடந்துகொண்டே தேடினால் பெரியது மட்டுமே கண்ணில் படும். ஒரே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். அரிசி அளவில் சுருள் சங்குகளும், பட்டாணி அளவில் பளபளக்கும் தட்டை நத்தை ஓடுகளும் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். அலையை விட்டு விலகி உட்கார்ந்திருப்பதால் பெரியவர்களுக்கும் கவலையில்லை.

7. மட்டிச் சிப்பியின் மூட்டுப் பக்கத்தில் வட்டமான ஓட்டை இருந்தால் உடைந்தது என்று வீசிவிடாதீர்கள். அது ஒரு வேட்டையின் அடையாளம். மணலுக்குள் ஊர்ந்து திரியும் நிலா நத்தை என்ற வகை, மட்டியைத் தன் சதையால் போர்த்திப் பிடிக்கும். அமிலம் போன்ற சுரப்பால் ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளைத்து உள்ளே இருக்கும் உயிரைத் தின்னும். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். திருகாணியின் தலை பதியக் குடைந்தது போல வெளிப்பக்கம் அகன்றும் உள்பக்கம் குறுகியும் இருக்கும். ஊசி நுழையும் என்பதால் மாலை கோக்கவும் உதவும்.

8. சங்கையோ நத்தை ஓட்டையோ எடுத்தவுடன் வாயைப் பாருங்கள். கொம்பு நிறத்திலோ சுண்ணாம்பு நிறத்திலோ ஒரு மூடி அடைத்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. எல்லா வகைக்கும் மூடி இருக்காது, சோழிக்குக் கிடையாது. அதனால் கொண்டுபோன பிளாஸ்டிக் டப்பாவில் கடல் நீர் பிடித்து, அதில் போட்டுப் பத்து நிமிடம் அசைக்காமல் காத்திருங்கள். கால் நீளலாம், கொம்பு எட்டிப் பார்க்கலாம். உயிர் தெரிந்தால் எடுத்த இடத்திலேயே நீருக்குள் விடுங்கள். இரண்டு ஓடும் இறுக மூடியிருக்கும் மட்டியும் உயிருள்ளதுதான்.

9. ஓடு நடக்கிறதா? அது துறவி நண்டு. அதன் பின்னுடல் மென்மையானது. வெற்றுச் சங்கு கிடைத்தால்தான் அதற்கு வீடு. வளர வளரப் பெரிய சங்குக்கு மாற வேண்டும். நல்ல சங்குகளை எல்லாம் நாம் வாரிக்கொண்டு வந்துவிட்டால் அது எங்கே போகும்? முழுசாகக் கிடைக்கும் சங்குகளில் பாதியையாவது கரையிலேயே விட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்மைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள்.

10. கூம்பு வடிவில், நீளவாக்கில் ஒடுங்கிய வாயோடு, அழகான கோலம் போட்டது போன்ற சங்கு கிடைத்தால் உயிர் இருக்கிறதா என்று தெரியாமல் கையில் எடுக்கவே கூடாது. கூம்புச் சங்கு வகைகள் நச்சு நிறைந்த ஊசிப் பல்லைப் பாய்ச்சிக் கொட்டும். துணியைத் தாண்டியும் குத்தும். எந்தப் பக்கம் பிடித்தாலும் கைக்கு ஆபத்து உண்டு. இவற்றில் சில வகைகளால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இதற்கு முறிமருந்து கிடையாது. கொட்டிவிட்டால் அந்தக் கையை அசைக்காமல் வைத்து, துணிக்கட்டு சுற்றி, வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சட்டைப் பையிலோ மடியிலோ எந்தச் சங்கையும் போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

11. கரைவலை இழுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். மீனைப் பிரித்தெடுத்த பிறகு வலையிலிருந்து உதறும் சிப்பியும் சங்கும் அந்த மணலில் கிடக்கும். வேலை முடியும் வரை ஓரமாக நின்று, பிறகு கேட்டு எடுங்கள். உள்ளூர்ப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யானைமுள்ளி, ஐவிரல் சங்கு என்று அவர்கள் சொல்லும் பெயர்களிலேயே வடிவம் விளங்கிவிடும். உதறியதில் உயிருள்ளவை இருந்தால் கடலில் சேர்த்துவிடுங்கள்.

12. வெறுங்காலோடு பாசிக் குவியலில் மிதிக்காதீர்கள். ஒதுங்கிய சொறி மீன் செத்துக் கிடந்தாலும் அதன் இழை தோலில் பட்டால் எரியும். நீல நிறத்தில் காற்றுப் பை போலக் கிடப்பதைப் பிள்ளைகள் பலூன் என்று எடுக்கப் பார்ப்பார்கள். அதைக் கிட்ட நெருங்க விடாதீர்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நீரோட்டம் பலமானது. அங்கே நீருக்குள் இறங்காமல் மேட்டு மணலில் மட்டும் தேடுங்கள்.

எங்கே எடுக்கக் கூடாது, எதை எடுக்கக் கூடாது

13. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கிளிஞ்சல்கூட எடுக்கக் கூடாது. வனத்துறை அனுமதியில்லாமல் படகில் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். கோடியக்கரை போன்ற சரணாலயக் கரைகளிலும் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

14. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001இல் பல சங்கு, சிப்பி இனங்கள் சேர்க்கப்பட்டன. ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ், பெரிய டிரோக்கஸ், ஐவிரல் சங்கு வகைகளில் சில, கோவாவின் பழைய வீட்டு ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பதித்த ஜன்னல் சிப்பி ஆகியவை அதில் உண்டு. பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. பட்டியலில் உள்ள இனமென்றால் உயிர் போன வெற்று ஓடும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். 2022இல் பட்டியல் திருத்தி அமைக்கப்பட்டது. அடையாளம் தெரியாத பெரிய சங்கு கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு கரையிலேயே வைத்துவிடுவது நல்லது.

15. அந்தமானுக்குப் போனால் கரையில் கிடைப்பதைப் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் பிடிபடும். கடையில் வாங்கியிருந்தால் ரசீதைக் கையோடு வைத்திருங்கள். வெளிநாடுகளிலும் விதிகள் கடுமை. இத்தாலியின் சார்டினியா தீவில் மணலோ கிளிஞ்சலோ எடுத்துச் சென்றால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். எந்த நாட்டுக்குப் போனாலும் தங்கும் விடுதியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

16. கடையில் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பளபளவென்று கீறலில்லாமல் இருக்கும் பெரிய சங்குகள் பெரும்பாலும் உயிரோடு பிடித்துச் சுத்தம் செய்யப்பட்டவை. வலம்புரி என்று சொல்லி அதிக விலை கேட்டால் வாய்க்குள் பாருங்கள். உண்மையான சங்கின் உள்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாக இருக்கும். அமெரிக்கக் கரையில் ஏராளமாகக் கிடைக்கும் வேறொரு இடப்பக்க வாய் நத்தையின் ஓட்டை வலம்புரி என்று விற்பதுண்டு. அதில் அந்த மடிப்புகள் இருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு

17. வழியில் உடையாமல் இருக்க, மெல்லியவற்றைப் பஞ்சு சுற்றி மாத்திரை டப்பாவிலும், கெட்டியானவற்றைத் துணிப் பையிலும் தனித்தனியாக வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் ஒரே இரவில் நாற்றம் கிளம்பிவிடும்.

18. வந்தவுடன் நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள். தினமும் தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறினால் உப்பு இறங்கும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் மணலும் பாசியும் போய்விடும். ஒட்டியிருக்கும் கொட்டலசுகளை மரக்குச்சியால் நெம்பி எடுங்கள். கத்தி வைத்தால் ஓடு கீறும்.

19. எவ்வளவு கழுவியும் நாற்றம் போகாவிட்டால் உள்ளே காய்ந்த சதை ஏதோ சிக்கியிருக்கிறது. நிழலான இடத்தில், வாய் கீழே இருக்கும்படி மண்ணில் பாதி புதைத்துச் சில நாள் விடுங்கள். எறும்புகள் சுத்தமாக்கிவிடும். சோழியைக் கொதிநீரில் போடவே வேண்டாம். மேல்பூச்சில் விரிசல் விழுந்து பளபளப்பு போய்விடும்.

20. வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிவறை அமிலம் எதுவும் வேண்டாம். கிளிஞ்சல் முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. நுரை வருவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று தோன்றும், ஆனால் கரைவது ஓடுதான். பிளீச்சிங் திரவத்தையும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

21. நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறம் வெளுக்கும். அட்டைப் பெட்டியிலும் மர அலமாரியிலும் நெடுநாள் வைத்தால் அவற்றிலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஓட்டின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். 1899இல் பைன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதியபோது கிருமியால் வரும் நோய் என்று நினைத்தார். அமிலமும் ஈரமும்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. உப்பு போகக் கழுவி, முழுக்க உலர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மீன் தொட்டியில் போடுவதானால் ஓடு மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மை கூடும் என்பதை மறக்க வேண்டாம். சின்ன மட்டிகளைப் பல்லாங்குழிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

22. ஒவ்வொரு கிளிஞ்சலோடும் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். எந்த ஊர்க் கரை, எந்தத் தேதி, தாழைக் குவியலிலா, ஈர மணலிலா, வலை உதறிய இடத்திலா, மீனவர் சொன்ன பெயர் என்ன என்பது எழுதியிருக்க வேண்டும். கடல் உயிரினங்களை ஆராய்பவர்கள், எடுத்த இடம் தெரியாத ஓட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பதில்லை. இடமும் தேதியும் எழுதிய சாதாரண மட்டிச் சிப்பி, எந்தக் காலத்தில் எந்தக் கரையில் அது கிடைத்தது என்பதற்குச் சான்றாகிவிடும். அதை எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். எழுதி வைக்க முடிந்த அளவுக்கு மட்டும் எடுப்பது என்று வீட்டில் ஒரு விதி வைத்துக்கொண்டால், எத்தனை எடுக்கலாம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.