புரையேறாமல் விழுங்க, திணறாமல் பேச

குரல்வளையில் புற்றுநோய் என்றாலே முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. கட்டி ஓரிடத்தோடு நின்றிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அகற்றலாம். குரல் நாண்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு மேலுள்ளதை மட்டும் எடுக்கும் முறையை உருகுவே மருத்துவர் ஹுஸ்தோ அலோன்சோ 1947-இல் விவரித்தார். அதில் குரல் தப்பிக்கும். ஆனால் மூச்சுக்குழாயைக் காக்கும் குரல்வளை மூடி போய்விடும். அதுவரை தானாக நடந்த விழுங்கலை இனி நோயாளி யோசித்துச் செய்ய வேண்டும்.

1. எது போனது என்று கேட்டறிதல்

நாண்களுக்கு மேலே எடுத்தவருக்கு விழுங்குவதுதான் பெரும்பாடு. ஒரு பக்க நாண் போனவருக்குக் குரலோடு காற்றும் கசியும். இரண்டு நாண்களும் போனவர், மிஞ்சிய குருத்தெலும்பும் திசுக்களும் அதிர்வதால் கரகரத்துப் பேசுவார். பயிற்சியும் அதற்கேற்ப மாறும்.

2. சோதனைக்குப் பிறகே முதல் வாய்

சிலருக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவிலோ, மூக்கு வழியே விடும் கேமராவிலோதான் அது தெரியும். அதுவரை மூக்குக் குழாய் வழியாகவே உணவு.

3. உட்காரும் விதம்

நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்று மார்பை நோக்கித் தாழ்த்தச் சொல்வார்கள். ஒரு பக்கம் மட்டும் பலவீனமானால், அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்குவது உதவும். டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் நீர் நேரே மூச்சுப்பாதைக்குள் ஓடும்.

4. மூச்சடக்கி விழுங்குதல்

மூச்சை இழுத்து அடக்கவும். அடக்கியபடியே விழுங்கவும். உடனே இருமவும். மறுபடி விழுங்கவும். அதன் பிறகே மூச்சு.

மூச்சை அடக்கும்போது நாண்கள் மூடிக்கொள்கின்றன. அவற்றின் மேல் தங்கியதை இருமல் வெளியே தள்ளுகிறது. இருமுவதற்கு முன் மூச்சை இழுத்தால் அது உள்ளே போய்விடும். அதனால் முதலில் வெறும் எச்சிலோடு பழகுவது நல்லது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

5. உணவின் பதம்

பலருக்கும் கடினமானது தண்ணீர்தான். பெரும்பாலும் கெட்டிக் கூழ், மசித்த பருப்பு சாதம், கட்டித் தயிர் என்று தொடங்குவார்கள். ரசம் சாதம் எளிதாகத் தோன்றும். ஆனால் சோற்றை மெல்லும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் வழிந்துவிடும். ஒவ்வொரு வாயும் கால் ஸ்பூன், அரை ஸ்பூன் அளவே போதும். சாப்பிடும்போது டிவியும் பேச்சும் வேண்டாம்.

6. குரலை மீட்டல்

அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகே பேச்சுப் பயிற்சி. கழுத்தில் மூச்சுவிட வைத்த டிரக்கியாஸ்டமி குழாய் இருந்தால், எப்போது, எப்படி அதை மூடிப் பேசலாம் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் காட்டுவார். ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். கத்துவதும், தொண்டையை இறுக்கிக் கிசுகிசுப்பதும் ஆகாது. பீடி, சிகரெட் அறவே கூடாது.

7. அன்றாடக் கவனிப்பு

சாப்பிட்டதும் “ஆ” என்று சொல்லிப் பார்க்கலாம். குரல் ஈரமாகக் களகளத்தால் இருமி, மீண்டும் விழுங்க வேண்டும். வாய்க் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகக்கூடும் என்பதால் பல் துலக்குவதும் சிகிச்சையின் பகுதிதான். காய்ச்சல், கூடும் சளி, மூச்சிரைப்பு தெரிந்தால் வாய்வழி உணவை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.