எழுத மறந்த அளவு

கடந்த விடுமுறையில் நயினாதீவில் பெரியும்மா வீட்டில் நின்றேன். ஒருநாள் மாமா படகில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனார். வாங்க வேண்டிய சாமான்களைத் துண்டில் எழுதிக் கொடுத்தவள் நான். சீனி எத்தனை கிலோ என்று எழுதவில்லை. பெரியும்மாவின் பிரஷர் குளிசை எத்தனை மில்லிகிராம் என்றும் எழுதவில்லை.

பலசரக்குக் கடைக்காரர் ஒரு கிலோ சீனி கட்டிக் கொடுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரரோ, "அளவைக் கேட்டுச் சொல்லுங்கோ" என்று குளிசையைக் கொடுக்க மறுத்துவிட்டார். மாமா தொலைபேசியில் அழைக்க, நான் பழைய குளிசை மட்டையைத் தேடிப் பார்த்துச் சொன்னேன். கடைசிப் படகைப் பிடிக்க அவர் ஓட வேண்டியதாயிற்று. வந்ததும் எனக்கு நல்ல ஏச்சு. ஆனால் கணினிப் பாடத்தில் விளங்காத ஒன்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

மூல நிரல்களைத் தொகுத்து இயங்கும் மென்பொருளாக்க மேக், சீமேக் போன்ற கருவிகள் உதவுகின்றன. எந்தக் கோப்புறை, எந்த வசதி என்பதையெல்லாம் மாறிகளாக எழுதிக் கொடுக்கிறோம். அதுவும் ஒரு சாமான் துண்டுதான். ஒரு மாறிக்குப் பெறுமானம் கொடுக்க மறந்தால், இவ்விரு கருவிகளும் வழக்கமாக அதை வெறுமையாக எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடரும். "இந்தக் கோப்புறையில் உள்ள அனைத்தையும் அழி" என்ற கட்டளையில் கோப்புறையின் பெயர் வெறுமையானால் என்னாகும்?

2015 ஜனவரியில் இது உண்மையாகவே வெளிப்பட்டது. லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஷெல் நிரலில் இப்படி ஒரு மாறி வெறுமையாகி, பயனர் ஒருவரின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. அந்த வரிக்கு மேலே, 'பயமாயிருக்கிறது' என்ற பொருளில் எழுதியவரே ஒரு குறிப்பும் இட்டிருந்தார். பயந்தவர் காவல் போடவில்லை.

காவல் இரண்டு வகை. சீனி போன்றவற்றுக்கு முன்னிருப்புப் பெறுமானம் போதும். மேக்கில் ?= என்று எழுதினால், பெறுமானம் ஏற்கெனவே கொடுக்கப்படாதபோது மட்டும் நாம் சொன்னதை எடுத்துக்கொள்ளும். ஆனால் மாறியை எழுதிவிட்டுப் பெறுமானத்தை மட்டும் வெறுமையாக விட்டால், அதையும் 'கொடுக்கப்பட்டது' என்றே கொள்ளும், கவனம் தேவை. சீமேக்கில் ஆம்-இல்லைத் தெரிவு ஒன்றுக்கு முன்னிருப்பு எழுதாவிட்டால் 'இல்லை' என்றே ஆகும். கேட்காத வசதியைச் சேர்க்காமல் விடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது.

குளிசை போன்றவற்றுக்கு முன்னிருப்பே கூடாது. அழிக்க வேண்டிய கோப்புறை, கடவுச்சொல் ஆகியவை இந்த வகை. பெறுமானம் இல்லையென்றால் வழுச் செய்தியுடன் வேலை நிற்க வேண்டும். ஷெல்லில் மாறியின் பெயருக்குப் பின் :? சேர்த்தால், அது வெறுமையாக இருக்கும்போது நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஆகவே, சகோதரிகளே, ஒவ்வொரு மாறியையும் எழுதும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது சீனியா, குளிசையா? ஊகம் பிழைத்தாலும் தாங்கக்கூடியதற்கு முன்னிருப்பைக் கொடுங்கள். தாங்க முடியாததற்கு நிறுத்திக் கேளுங்கள். நின்று கேட்பதால் படகு தவறலாம். மறுநாளும் படகு வரும்.

இப்போதெல்லாம் பெரியும்மா வீட்டுத் துண்டில் குளிசையின் மில்லிகிராமைத்தான் நான் முதலில் எழுதுகிறேன்.