பழைய சரக்குக்கு ஏன் மவுசு குறைவதில்லை?

புது மாடல் வந்துவிட்டால் பழையதை யாரும் சீந்தமாட்டார்கள் என்று வியாபாரிகளாகிய நாம் பொதுவாக நினைக்கிறோம். எல்லாச் சரக்குக்கும் இது பொருந்தாது. அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் தயாரித்த 'மாடல் 70' என்ற வேட்டைத் துப்பாக்கியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

இது 1936-ல் விற்பனைக்கு வந்தது. இதன் அடிப்படை அமைப்பு அன்றே பழையதுதான். 1898-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட மௌசர் துப்பாக்கியைத் தழுவியது. தோட்டா மேலே வரும்போதே அதன் அடி விளிம்பை ஒரு நீண்ட எஃகுக் கொக்கி பற்றிக்கொள்ளும். சுட்டு முடித்து வெற்றுக்கூடு வெளியே விழும்வரை விடாது. கை பதறினாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. பாய்ந்து வரும் கரடிக்கு எதிரில் நிற்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை அல்லவா?

ஆனால் இந்த உறுப்புகளைக் கடைந்தெடுக்க வேலை அதிகம். கூலி ஏற ஏற அடக்கவிலையும் ஏறியது. 1962-ல் ரெமிங்டன் நிறுவனம், சிக்கனமாகத் தயாரிக்கத்தக்க 'மாடல் 700'-ஐப் போட்டிக்கு இறக்கியது. வின்செஸ்டர் 1964-ல் செலவைக் குறைத்தது. பெரிய கொக்கி போய்ச் சிறிய பிடி வந்தது. மரக்கட்டையில் வெட்டிய கோட்டு வேலைப்பாட்டுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய வேலைப்பாடு வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

வாடிக்கையாளர்கள் உடனே கண்டுகொண்டார்கள். '64-க்கு முந்தியது' என்ற சொல்லே தர முத்திரை ஆகிவிட்டது. பழைய துப்பாக்கிகள் நல்ல விலைக்குக் கைமாறின. முடிவில், 1990-களின் தொடக்கத்தில் நிறுவனமே பழைய கொக்கி அமைப்பை மீண்டும் கொண்டுவந்தது. 2006-ல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டு, 2008-ல் தென் கரோலினாவில் உற்பத்தி தொடங்கியபோதும் அதே கொக்கியோடுதான் வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று: புதியது என்பதால் மட்டும் சரக்கு தோற்பதில்லை. ரெமிங்டனின் 'மாடல் 700' லட்சக்கணக்கில் விற்றது. அது தன் சொந்தப் பெயரில், தன் குணத்தைச் சொல்லி வந்தது. வின்செஸ்டரோ பழைய பெயரில் வேறு சரக்கைக் கொடுத்தது. வாங்குபவர் மன்னிக்காதது இதைத்தான்.

இரண்டு: துணைச் சரக்கு கிடைக்கும்வரை மூலச் சரக்குக்கு ஆயுள் உண்டு. 1906-ல் வந்த '.30-06' தோட்டா இன்றும் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிறது. அதனால் தாத்தா வாங்கிய துப்பாக்கியைப் பேரன் பயன்படுத்த முடிகிறது. உதிரி பாகங்களை நாம் இருப்பில் வைத்திருந்தால் பழைய வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகமாட்டார்.

மூன்று: கம்பெனி தரத்தை மாற்றினால் அதை முதலில் அறிவது கடைக்காரர்தான். பெயர் அதே, சரக்கு வேறு என்றால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்பதே நல்லது. அவர் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால், கம்பெனியை அல்ல, நம்மைத்தான் கேட்பார். கம்பெனி ஒரு மாடலை விட்டு இன்னொன்றைக் கொண்டுவரலாம். நமக்கோ கடையின் பெயர் ஒன்றுதான்.