ஒரே கப்பல், ரெண்டு அளவுகோல்: ஸ்வீடனில் டச்சுக்காரர்கள்

ஸ்வீடன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது வோல்வோ, எரிக்சன், நோபல் பரிசு. ஆனால் 400 வருஷத்துக்கு முன்னாடி அங்கே இரும்பு இருந்தது, செம்பு இருந்தது, காடு இருந்தது. முதலீடும் தேர்ந்த தொழிலாளர்களும்தான் போதவில்லை. அந்தக் குறையை நிரப்பியவர்கள் டச்சு வணிகர்கள்.

வணிகம்

1613-இல் டென்மார்க்குடன் போர் முடிந்தபோது, மேற்குக் கடற்கரையின் எல்ஃப்ஸ்போர்க் கோட்டையை மீட்க ஸ்வீடன் 10 லட்சம் ரிக்ஸ்டாலர் கட்ட வேண்டியிருந்தது. என்ன செய்வார்கள்? செம்பு ஆம்ஸ்டர்டாம் சந்தைக்குப் போனது. நெதர்லாந்திலிருந்து கடன் வந்தது.

அப்படி உள்ளே வந்தவர்களில் முக்கியமானவர் லூயி டி கேர். லியேஜில் பிறந்த ஆம்ஸ்டர்டாம் வணிகர். கடன் கொடுத்துவிட்டு வட்டிக்காகக் காத்திருக்கும் ஆள் இல்லை. 1627-இல் ஸ்வீடனுக்கே குடிபோனார். இரும்பு வேலை தெரிந்த வல்லோன் தொழிலாளர்களை வரவழைத்தார். ஃபின்ஸ்பாங்கில் அவர் வார்த்த இரும்புப் பீரங்கிகள் வெண்கலப் பீரங்கிகளைவிட மலிவு. 1644-இல் டென்மார்க்கை எதிர்க்க ஒரு கப்பற்படையையே நெதர்லாந்தில் திரட்டிக் கொடுத்தார். யோசிச்சுப் பாருங்க: அரசுக்குக் கடன் கொடுப்பவரும் ஆயுதம் விற்பவரும் ஒரே ஆள்!

கட்டடம்

1621-இல் நகர உரிமை பெற்ற யோத்தபோரி நகரம் (நாம் கோதன்பர்க் என்போம்) சதுப்பான களிமண் நிலத்தில் எழுந்தது. அந்த மாதிரி மண்ணில் ஊர் கட்டத் தெரிந்தவர்கள் டச்சுக்காரர்கள். கால்வாய், கோட்டைச்சுவர், நேர்த்தெரு எல்லாம் அவர்கள் பாணி. நகர சபையிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. பல கால்வாய்களை அப்புறம் மூடிவிட்டார்கள். பெரிய துறைமுகக் கால்வாய் இன்றும் இருக்கிறது.

ஸ்டாக்ஹோமின் பிரபுக்கள் மாளிகைக்கு முகப்பு வடிவமைத்தவர் யுஸ்டுஸ் ஃபிங்போன்ஸ் என்ற டச்சுக்காரர். அவரே பிறகு ஆம்ஸ்டர்டாமில் ட்ரிப் சகோதரர்களுக்கு மாளிகை கட்டினார். இவர்கள் டி கேருடைய சகோதரியின் மகன்கள், ஆயுத வியாபாரிகள். அந்த வீட்டின் புகைபோக்கிகள்கூட பீரங்கி வடிவம்தான்.

ஓவியம்

ஆலர்ட் ஃபான் எவர்டிங்கன் 1644-இல் ஸ்காண்டிநேவியா போய்விட்டு வந்து பாறை, பைன் மரம், அருவி என்று வரைந்தார். ட்ரிப் குடும்பத்துக்காக ஸ்வீடனின் யூலிதா பீரங்கிப் பட்டறையையும் வரைந்தார். அந்த நாட்டுப் பக்கமே போகாத ரைஸ்டாலும் இவரைப் பார்த்து அருவி வரையத் தொடங்கினார். ஆக, தாக்கம் ஒருவழிப் பாதை அல்ல.

நமக்கான பாடம்

இனி நம்ம ஏரியா. ‘வாசா’ போர்க்கப்பலைக் கட்டியவர் ஹென்ரிக் ஹைபர்ட்சன் என்ற டச்சுத் தச்சர். வரைபடம் கிடையாது, அனுபவக் கணக்குதான். வேலை முடியும் முன்பே அவர் இறந்துபோனார். 30 பேரை மேல்தளத்தில் குறுக்கே ஓடவிட்டு நடத்திய சோதனையில் கப்பல் பயங்கரமாக ஆட, பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆனாலும் 1628 ஆகஸ்ட் 10-இல் கப்பல் புறப்பட்டது. சுமார் 1,300 மீட்டர்தான். காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது.

1961-இல் கப்பலை மேலே எடுத்தார்கள். அதில் கிடைத்த அளவுகோல்களில் சில 12 அங்குல ஸ்வீடன் அடி, சில 11 அங்குல ஆம்ஸ்டர்டாம் அடி! கப்பலின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. மூழ்கியதற்கு முதல் காரணம் மேல்பாரம்தான். ஆனால் ஒரே பட்டறையில் ரெண்டு ‘அடி’ புழங்கியதை யாரும் சரிசெய்யவில்லை என்பதும் உண்மை.

பணம், ஆள், நுட்பம் மூன்றையும் வெளியிலிருந்து வாங்கலாம், தப்பில்லை. ஸ்வீடன் அப்படித்தான் வல்லரசானது. ஆனால் சோதனையில் ஆடுகிற கப்பலை நிறுத்திவைக்கும் தைரியத்தை யாரும் கடனாகத் தர மாட்டார்கள். அது உள்ளேயே இருக்கணும். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி இதை ஞாபகம் வச்சுக்கோங்க.